நின்றபடி ஓடும் என்ஜின்

போடிமெட்டு மலைப்பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வண்டியின் இழுவையைப் பற்றித்தான் பேசுவார்கள். பட்டறையிலேயே ஆயுசைக் கழித்த எனக்கு அந்தப் பேச்சில் ருசி கிடையாது. முந்தல் செக்போஸ்ட் தாண்டினால் மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மெட்டு 1,400-ஐ ஒட்டி நிற்கிறது. முதல் கியரில் முக்கி முனகியாவது எந்த வண்டியும் இதை ஏறிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு என்ஜின் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். எதிரே லாரி இறங்குகிறது, வளைவில் ஒதுங்கி கிளட்ச்சை மிதிக்கிறீர்கள், பின்னால் பதினைந்து இருபது ஆட்கள், இந்தப் பக்கம் பள்ளம். அந்த நேரத்தில் என்ஜின் அணையவும் கூடாது, தானாக எகிறவும் கூடாது. புத்தகத்தில் இதற்கு ஐடிலிங் என்று பெயர். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ‘ஸ்லோ’. “அண்ணே, ஸ்லோ நிக்க மாட்டேங்குது” என்று ஒரு டிரைவர் வந்து நின்றால், கையில் இருக்கிற கியர்பாக்ஸ் வேலையைக்கூட ஓரம் தள்ளிவிட்டு முதலில் அவனைத்தான் பார்ப்போம்.

இந்தச் சரிவில் ஸ்லோ என்ற கவலையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஏலக்காய் மூட்டை தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் கழுதையிலும் இறங்கிய காலம். திருவிதாங்கூர் அரசு 1897-ல் ஏலமலைக் காப்புக்காடு என்று எல்லை கட்டி அறிவித்ததற்கும் முன்பிருந்தே போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஆட்கள் மேலே போய் காய் எடுத்து வந்தவர்கள்தான். வடக்கே மூணாறு தேயிலைக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டை வைத்து இழுத்தார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டி தொங்கிக்கொண்டே இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலைத் துடைத்துப் போட்டது. கீழே மதுரை – போடி ரயில் 1928-ல் வந்தது. உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். குரங்கணிக்கு மேலே ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு குக்கிராமம் இன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டு ரயிலைத் தேடி ஏறுகிற வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது கம்பிவடத்தின் நடு ஸ்டேஷன்.

தண்டவாளத்தைக் கொண்டுபோன அதே போர் எங்களுக்கு ஜீப்பைக் கொடுத்தது. அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் ஜீப்’ என்பார்கள். ஸ்டியரிங் இடது கைப் பக்கம். பிறகு பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். நான்கு சிலிண்டர், 2,199 சி.சி., பெட்ரோல். எமர்ஜென்சி சமயத்தில் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகப் பட்டறையில் நுழைந்தபோது, ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற வண்டி என்றால் அநேகமாக இதுதான்.

அந்த என்ஜினில் ஸ்லோ இருந்த இடம் கார்புரேட்டரில் இரண்டு திருகு. ஒன்று த்ராட்டில் தகட்டை முழுக்க மூடவிடாமல் ஒரு மயிரிழை திறந்து நிறுத்துகிற திருகு. இன்னொன்று காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூ. என் மேஸ்திரி அதை வைப்பதைப் பார்க்க வேண்டும். என்ஜினை நன்றாகச் சூடாக்குவார். ஏர் ஸ்க்ரூவை என்ஜின் உதறுகிற வரை உள்ளே திருகுவார். மெல்ல வெளியே எடுப்பார். சத்தம் தெளிந்து ஏறுகிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார். அப்புறம் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு நகர்த்தல். பிறகு மட்கார்டின் மேல் டீ டம்ளரை வைப்பார். டீ வட்டம் வட்டமாக நடுங்கலாம், தளும்பக் கூடாது. தளும்பினால் மறுபடி முதலிலிருந்து. அந்த டீயை யாரும் சூடாகக் குடித்ததில்லை.

ஆனால் போடியில் வைத்த ஸ்லோ மேலே செல்லாது. மெட்டில் காற்று அடர்த்தி போடியைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே எவ்வளவு பெட்ரோலை விட்டதோ ஏறத்தாழ அதே அளவுக்கு மேலேயும் விடும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும், பிளக் கருத்துப்போகும், பூப்பாறை தாண்டுவதற்குள் என்ஜின் விக்கும். சரி, மேலேயே வைத்துவிடலாம் என்றால், இறங்கி வரும்போது போடி வெயிலில் கலவை வறண்டு அணைந்து அணைந்து போகும். தோட்டத்திலேயே கிடக்கிற வண்டிக்கு மேலே போய் வைத்துவிடலாம். தினமும் விடிகாலை ஆள் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்குகிற வண்டிக்கு? மேஸ்திரி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். டிரைவரோடு தானும் ஏறிக்கொண்டு, பாதி மலையில் புலியூத்துப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி அங்கே வைப்பார். கீழேயும் முழுசாகச் சரியில்லை, மேலேயும் சரியில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அணையாது. ஒரு திருகு ஒரே ஒரு இடத்துக்குத்தான் உண்மையாக இருக்க முடியும் என்பதை இயற்பியல் படிக்காமலே அவர் கண்டுவைத்திருந்தார்.

புலியூத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சித்திரை வெயிலில் ஏறும்போது, கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற ஏசி பம்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். வண்டி நடுவழியில் நிற்கும். கிளீனர் பையன் இறங்கி அருவித் தண்ணீரில் சாக்கை நனைத்துப் பம்பின் மேல் போர்த்துவான். பத்து நிமிடம். எல்லாரும் ஒரு பீடி குடித்து முடிக்கையில் வண்டி கிளம்பும்.

இறக்கத்தின் கதை வேறு. நியூட்ரலில் விட்டு இறங்குகிறவனை எந்த முதலாளியும் மறுநாள் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஸ்லோ கூடுதலாக இருந்தால் என்ஜின் பிடிக்காது, தள்ளும். பிரேக் லைனர் தீய்ந்த வாசனை வளைவுக்கு வளைவு வரும். ஸ்லோ குறைவாக இருந்தால், கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்த நொடியில் அணைந்துவிடும். இன்னொரு வேடிக்கை: த்ராட்டில் மூடியபடி அவ்வளவு தூரம் இறங்கும்போது உள்ளே வேக்யூம் உறிஞ்சி, தேய்ந்த வால்வு கைடு வழியாக ஆயிலை இழுத்து வைத்திருக்கும். முந்தலில் சமதரைக்கு வந்து டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை மேகமாகக் கிளம்பும். செக்போஸ்ட்டில் நின்றபடி அந்தப் புகையைப் பார்த்தே எந்த வண்டி அடுத்து பட்டறைக்கு வரும் என்று சொல்லிவிடலாம்.

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும் பெட்ரோல் ஜீப்பின் வாழ்வு சரிந்தது. மகிந்திராவே டிராக்டர் வழி வந்த டீசல் என்ஜினையும், பிறகு பிரான்சின் பெஜோ கம்பெனி என்ஜினையும் ஜீப்பில் வைத்து விற்றது. இருக்கிற பழைய வண்டியில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசலை உட்கார வைக்கிற வேலை எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு நல்ல பிழைப்பாக இருந்தது. டீசலுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆகவே ஸ்லோ இடம் மாறி டீசல் பம்புக்குள் போய் உட்கார்ந்தது. சில பம்புகளில் கவர்னர் காற்றில் வேலை செய்யும் வகை: மேனிபோல்டு வாயில் ஒரு தகடு, அங்கிருந்து பம்புக்கு ஒரு ரப்பர் ஹோஸ், பம்பின் முனையில் தோல் டயாஃப்ரம். தகடு மூடினால் வேக்யூம் கூடி டயாஃப்ரம் இழுக்கும், டீசல் குறையும், என்ஜின் ஸ்லோவுக்கு வரும். அந்த விரல் தடிமன் ஹோஸ் விரிசல் விட்டால் வேக்யூம் போச்சு. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முழு டீசலையும் தள்ளிவிடும். ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் அலறும். மலையில் அந்த அலறலைக் கேட்டவன் மறக்க மாட்டான். ஸ்டாப் ஒயரை இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அதனால் கன்வர்ஷன் வண்டிகளில் நாங்கள் ஹோஸ் போகிற வழிக்குத்தான் அதிக நேரம் செலவழிப்போம். பானெட் கம்பியில் உரசக் கூடாது, எக்சாஸ்ட் சூட்டுக்குப் பக்கம் போகக் கூடாது, தொங்கிக்கொண்டு நடுங்கக் கூடாது. தோல் டயாஃப்ரம் காயாமல் இருக்க அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். இன்னொன்று, டீசல் என்ஜினில் பிரேக்குக்கு உதவுகிற வேக்யூமை ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கிற குட்டிப் பம்ப் உண்டாக்குகிறது. என்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்லோ சரியில்லாத வண்டியில் பிரேக்கும் சரியில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த வண்டிகளில்தான் மலையின் வேலைக்காரர்கள் ஏறினார்கள். காய் பறிப்புக் காலமான ஆடி, ஆவணியிலிருந்து தை வரை விடியுமுன்னே போடித் தெருக்களில் ஜீப் ஹாரன் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி சூரியநெல்லி, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களுக்குப் போவார்கள். 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஏலம் போடுகிற சந்தையும் பறிக்கிற கைகளில் பாதியும் இந்தப் பக்கம் நின்றன. நடுவே இந்த ரோடு. தேவாரத்துக்காரர்கள் சாக்குலூத்து மெட்டு வழியாகத் தங்களுக்கு ஒரு ரோடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போடி சுற்றிப் போகிற அவர்களின் டீசல் செலவை ஒர்க்‌ஷாப்காரனான நானே கணக்குப் போட்டுச் சொல்வேன்.

பெட்ரோல் வண்டி மலைக்குத் திரும்பி வந்தது மாருதி ஜிப்ஸியோடு. 1985-ல் வந்த வண்டி; 2000-ல் அதற்குக் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அந்தச் சமயத்தில் வந்த பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். பானெட்டைத் திறந்து திருகைத் தேடினால் திருகு இல்லை. இருந்தாலும் கம்பெனி முத்திரை வைத்து அடைத்திருக்கும். அதற்குப் பதில் த்ராட்டில் பாடியின் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு, அதற்கு ஒரு ஒயர் சாக்கெட். ஐ.ஏ.சி. வால்வு.

வேலை எளியது. த்ராட்டில் தகடு முழுக்க மூடியிருக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் காற்று என்ஜினுக்குள் போக ஒரு பக்கவழி. அந்த வழியை எவ்வளவு திறப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லும், வால்வு திறக்கும். என்ஜின் குளிர்ந்திருந்தால் அதிகம். ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம். சூடானதும் குறைத்து, 700, 800 சுற்றில் பிடித்து நிறுத்தும். மேலே போனால் மெலிந்த காற்றுக்கு ஏற்பக் கூடுதலாகத் திறக்கும். பெட்ரோலைச் சென்சார் குறைத்துக்கொள்ளும். இதை முதல்முறை புரிந்துகொண்டபோது எனக்கு மேஸ்திரி ஞாபகம்தான் வந்தது. புலியூத்தில் வண்டியை நிறுத்தி அவர் செய்த சமரசத்தை இந்த வால்வு 17 வளைவிலும் நிற்காமல் செய்துகொண்டே போகிறது.

ஒரு தோட்டத்துப் பெட்ரோல் ஜீப் வந்தது. யாரோ வால்வை உருவும்போது அது உட்காருகிற அலுமினிய முகத்தையே உடைத்துவிட்டார்கள். மாற்றாகக் கிடைத்த பழைய த்ராட்டில் பாடியில் வால்வுக்கு இடமே கிடையாது. முதலாளி “வால்வத் தூக்கிப் போட்டுட்டு ஸ்லோவக் கொஞ்சம் ஏத்தி வச்சுருப்பா” என்றார். பாதிப் பட்டறைகள் அப்படித்தான் செய்யும். ஏற்றி வைத்த ஸ்லோ இறக்கத்தில் தள்ளும். மார்கழி விடியலில் அணையும். எனக்கு மனசு ஒப்பவில்லை. வால்வை இடம் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

லேத்துக்காரரிடம் ஒரு அலுமினியக் கட்டையைக் கொடுத்து, வால்வு முனை உட்காருகிற குழியும், உள்ளே வர ஒன்றும் வெளியே போக ஒன்றுமாக இரண்டு துவாரமும் கடையச் சொன்னேன். பழைய பாடியில் இருந்த துவாரத்தின் அளவிலிருந்து கொஞ்சமும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. கட்டையை டிரைவர் பக்கத்து ஃபயர்வாலில், எக்சாஸ்ட்டிலிருந்து தள்ளி, ரப்பர் வாஷர் கொடுத்து முடுக்கினேன். உள்ளே வருகிற காற்றை ஃபில்டருக்குப் பின், த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிற குழாயிலிருந்து எடுத்தேன். ஃபில்டருக்கு வெளியே எடுத்தால் தோட்டத்துப் புழுதி முழுக்க சிலிண்டருக்குள்தான் போகும். வெளியே போகிற ஹோஸை எல்லா சிலிண்டருக்கும் பொதுவான அறையில் விட வேண்டும்; சோம்பல்பட்டு ஒரு சிலிண்டரின் குழாயில் குத்திவிட்டால் அந்த ஒன்று மட்டும் வறண்டு என்ஜின் நொண்டும். ஹோஸ் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேக்யூமில் சப்பிக்கொள்ளும். நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நீண்டால் வால்வு திறந்ததற்கும் என்ஜின் அதை உணர்வதற்கும் இடைவெளி விழுந்து, சுற்று ஏறி இறங்கி ஊஞ்சலாடும். டீசல் கவர்னர் ஹோஸில் கற்ற பாடமெல்லாம் இங்கே அப்படியே கைகொடுத்தது. வேலை முடிந்து என்ஜின் சூடானதும் ஹோஸை இடுக்கியால் நெரித்துப் பார்த்தேன். சுற்று விழுந்தது, விட்டதும் எழுந்து சரியான இடத்தில் நின்றது. ஹெட்லைட் போட்டேன், ஒரு தும்மல் தும்மிச் சமாளித்துக்கொண்டது.

இந்த வேலையைப் பற்றி நான் சொல்லிக் கேட்டிருந்த தங்கை மகன் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஒரு பட்டறையில் இருக்கிறான். “மாமா, இங்க ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-7 நிக்குது. மேனிபோல்ட மாத்திட்டாங்க. ஸ்லோ வால்வுக்கு எடம் இல்ல. தூக்கிடலாம்னு சொல்றாங்க.” அந்த வண்டியில் பிஸ்டனே கிடையாது, ரோட்டரி என்ஜின். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வான்கெல் யோசித்து, என்.எஸ்.யு. கம்பெனியில் 1957-ல் முதலில் ஓடியது. முட்டை வடிவ அறைக்குள் முக்கோணம் போன்ற ரோட்டார் சுற்றும். என்.எஸ்.யு. அதில் கையைச் சுட்டுக்கொண்டது. ஜப்பானின் மஸ்டா 1967-ல் காஸ்மோ காரில் வைத்து ஜெயித்தது. 1991-ல் லு மான் பந்தயத்தையே இந்த என்ஜினால் வென்றார்கள். நம் நாட்டிலும் ஆளில்லா விமானமான நிஷாந்துக்காகச் சொந்தமாக ஒரு வான்கெல் என்ஜின் செய்து, 2009 ஏப்ரலில் கோலார் பக்கம் பறக்கவிட்டுப் பார்த்தார்கள்.

ரோட்டரிக்கு வேகம் வெல்லம், ஸ்லோதான் வேம்பு. ஆர்எக்ஸ்-7-ல் காற்று நுழைகிற வாசல் பக்கச் சுவரிலும், புகை போகிற வாசல் ரோட்டார் உரசிச் சுற்றுகிற வளைந்த சுவரிலும் இருக்கின்றன. இரண்டும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். ஓடும்போது தெரியாது. ஸ்லோவில் எரிந்த புகை புதுக் காற்றோடு கலந்து, ஒரு தடவை எரியும், ஒரு தடவை எரியாது. மஸ்டா இதைச் சரிசெய்ய 2003-ல் ஆர்எக்ஸ்-8 காரில் புகை வாசலையே பக்கச் சுவருக்கு இடம் மாற்றியது. ஸ்லோ தெளிந்தது. வால்வை மாற்றுகிற எங்கள் வேலையை அவர்கள் வாசலை மாற்றிச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவனிடம் சொன்னேன்: “தூக்காதடா. ஏற்கெனவே நொண்டுற என்ஜினுக்குக் கைத்தடியையும் புடுங்குறதா? கட்ட செஞ்சு ஓரமா வையி. காத்த டர்போவுக்கு அந்தப் பக்கமிருந்து எடு, த்ராட்டிலுக்கு முன்னால.” டர்போ தள்ளுகிற காற்று அழுத்தத்தில் வால்வு பின்பக்கமாகத் திறந்துவிடுமே என்று கேட்டான். நல்ல கேள்வி. எங்கள் மலையில் டர்போவோடு பெட்ரோல் வால்வைப் பார்த்ததில்லை. த்ராட்டிலுக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் ஏறும்போது வால்வுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது, ஆனால் கிளாம்ப் நழுவினால் காற்றெல்லாம் வெளியே போகும் என்று சொல்லி, ஹோஸுக்குப் பட்டைக் கிளாம்பாகப் போடச் சொன்னேன். போட்டான். வீடியோ அனுப்பினான். என் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, இம்புட்டு வெலை காரு இருமுது?” என்றாள். அது இருமல் இல்லை, அந்த என்ஜினின் பிறவிச் சுபாவம்.

வால்வின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. இப்போது வருகிற பெட்ரோல் வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒயர் கேபிளே கிடையாது. தகட்டை மோட்டார் திருப்புகிறது. ஸ்லோவுக்கு வேண்டிய மயிரிழையை அந்த மோட்டாரே திறந்துகொள்வதால் தனி வால்வு, தனிப் பக்கவழி எதுவும் தேவையில்லை. தகட்டைத் துடைத்துவிட்டு ஸ்கேனரைச் சொருகி, ஸ்லோவைப் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொன்னால் கற்றுக்கொள்கிறது. ஏலக்காய் 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது போடியில் புது வண்டிகள் நிறைய இறங்கின. அவற்றில் பல என் பட்டறை வாசலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் தோட்டத்து உள்பாதைகளில் பழைய பெட்ரோல் ஜீப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. செக்போஸ்ட் தாண்ட முடியாத வண்டிகள். பேப்பரெல்லாம் எப்போதோ முடிந்துபோனவை. கழற்றிய கார்புரேட்டரை மட்டும் மஞ்சள் பையில் போட்டு, பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள்: “அண்ணே, சுத்தம் பண்ணி ஸ்லோவும் வச்சுக் குடுத்துவிடுங்க.” சுத்தம் பண்ணலாம். ஜெட்டை ஊதலாம், வாஷர் கிட் மாற்றலாம். ஸ்லோ வைக்க என்ஜின் வேண்டும், அந்த இடத்துக் காற்றும் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறேன். கடைசியில் நானே ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பூப்பாறை பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடும் தோட்டத்துக்காரர் செலவு.